மேற்குச் சுவரும் மேல்தளமும்

செங்கல் சுவர் வெயிலைத் தடுத்துவிடுவதாகத் தோன்றினாலும், அது உண்மையில் செய்வது வெயிலைத் தாமதப்படுத்துவதுதான். வெளிப்புறத்தில் விழும் வெப்பத்தை மெல்ல உள்வாங்கி, தன் கனம் முழுவதும் பரப்பி, பல மணி நேரம் கழித்து மறுபுறத்தில் வெளிவிடுவது கல், செங்கல், கான்கிரீட் ஆகிய கனமான கட்டுமானப் பொருள்கள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு. காஞ்சிபுரத்தில் மே மாதத்து இரவு பத்து மணிக்கு, வெயில் நேராகப் படும் ஒன்பது அங்குல மேற்குச் சுவரின் உட்புறத்தைத் தொட்டால் கை சுடுவதும், அதே சுவர் மறுநாள் முற்பகலில் குளிர்ந்து கிடப்பதும் இந்தத் தாமதத்தின் விளைவே. வெயில் தணிந்துவிட்டது என்று கதவைச் சாத்திப் படுக்கும் நேரத்தில்தான் பிற்பகல் நான்கு மணியின் வெப்பம் வீட்டுக்குள் வந்து சேருகிறது.

பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் ஃபூரியே 1822இல் நூலாக வெளியிட்ட வெப்பக் கோட்பாட்டைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். பகலும் இரவுமாக மாறி மாறி வரும் சூடு, திடப்பொருளினுள் ஓர் அலையைப் போல நுழைகிறது. ஆழம் கூடக்கூட அலையின் வீச்சு குறைகிறது, அது வந்து சேரும் நேரமும் தள்ளிப்போகிறது. செங்கல்லில் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை அலையின் வீச்சு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குவதால், 23 சென்டிமீட்டர் கனமுள்ள ஒன்பது அங்குலச் சுவரைக் கடக்க அதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நாலரை அங்குலச் சுவராக இருந்தால் நான்கு மணி நேரம்கூடத் தேவைப்படாது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மப் பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலைப் போன்ற கற்றளிகளில், ஒரு மீட்டர் கனமுள்ள கல்லைக் கடந்து உள்ளே செல்லும்போது பகலிரவு அலையில் நூற்றில் ஒரு பங்குகூட எஞ்சுவதில்லை. கருவறை நண்பகலிலும் குளிர்ந்திருப்பதற்குக் காரணம் கல்லின் குளிர்ச்சி அன்று, அதன் கனம். அதே கல் வெளிப்பிராகாரத்தில் வெயிலில் விரிந்து கிடக்கும்போது பாதத்தைப் பொசுக்குவதால்தான் கோடையில் தென்னைநார் விரிப்பு போட்டும், வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சைப் பட்டையாக அடித்தும் நடைபாதை அமைக்கிறார்கள்.

கோயிலுக்குக் கிடைத்த ஒரு மீட்டர் கனம் வீட்டுக்குக் கிடைக்காது. ஆகவே கனத்துக்குப் பதிலாக வேறொன்றை நாட வேண்டியிருக்கிறது. வெப்பம் எளிதில் கடக்க முடியாத பொருளைச் சுவரின்மீதோ தளத்தின்மீதோ போர்த்துவது வெப்பக்காப்பு எனப்படும். ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறது என்பதைக் காட்டும் அளவு வெப்பக் கடத்துதிறன். ஒரு மீட்டர் கனத்தின் இருபுறமும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் பாய்கிறது என்று அதைக் கூறுவர். கான்கிரீட்டுக்கு இது சுமார் 1.6, செங்கல்லுக்கு 0.8, ஏஏசி பிளாக் எனப்படும் இலேசான காற்றறைக் கல்லுக்கு 0.17, பெட்டிகளுக்குள் வைக்கப்படும் தெர்மகோலுக்கு 0.035. அசையாத காற்றுக்கு 0.025 மட்டுமே. தெர்மகோலின் கொள்ளளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றுதான் என்பதை அறிந்தால், நல்ல வெப்பக்காப்புப் பொருள்கள் எல்லாமே காற்றைச் சிறுசிறு அறைகளில் அசையவிடாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடுகளே என்பது விளங்கும். காற்று நகரத் தொடங்கினால் அது வெப்பத்தைத் தூக்கிச் செல்லத் தொடங்கிவிடும். அதனால்தான் ஓரடி அகலமுள்ள வெறும் காற்றிடைவெளி இரண்டங்குலத் தெர்மகோலுக்கு ஈடாவதில்லை.

சுவரின் எல்லா அடுக்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கிடைக்கும் ஒற்றை எண்ணை யு-மதிப்பு என்பர். ஒரு டிகிரி வேறுபாட்டில் ஒரு சதுர மீட்டர் சுவர் கடத்தும் வாட் அளவு அது, குறைந்தால் நல்லது. இருபுறமும் பூசப்பட்ட ஒன்பது அங்குலச் சுவரின் யு-மதிப்பு ஏறக்குறைய 2. அதன் வெளிப்புறத்தில் 50 மில்லிமீட்டர் தெர்மகோல் பலகையை ஒட்டினால் அது 0.52 ஆகிறது, அதாவது வெப்பத்தின் வரவு நான்கில் ஒரு பங்காகிறது. இருபதுக்குப் பத்து அடி அளவுள்ள மேற்குச் சுவர் ஒன்றில், வெயில் பட்ட வெளிப்பரப்பு 56 டிகிரியும் அறைக்காற்று 33 டிகிரியும் இருப்பதாகவும் தாமதத்தைக் கணக்கில் கொள்ளவில்லை என்றும் வைத்துக்கொண்டால், வெறும் சுவரின் வழியே சுமார் 850 வாட் உள்ளே பாயும். காப்பிட்ட சுவரின் வழியே 220 வாட். ஒரு டன் ஏசி இயந்திரம் அறையிலிருந்து வெளியேற்றக்கூடிய வெப்பம் 3,500 வாட் என்பதால், வெறும் சுவர் அந்த இயந்திரத்தின் ஆற்றலில் கால் பங்கைத் தானே விழுங்கிவிடுகிறது.

பலகையைச் சுவரின் உள்ளே ஒட்டினாலும் யு-மதிப்பு இதேதான் வரும். ஆனால் வீட்டின் நடத்தை மாறிவிடும். உள்ளே ஒட்டும்போது செங்கல்லின் கனம் முழுவதும் வெயிலின் பக்கம் நின்று சுட்டுக்கிடக்க, அறைக்குள் மிஞ்சுவது கனமற்ற பலகை மட்டும். அத்தகைய அறை விரைவில் குளிரும், விரைவில் சுடும். வெளியே ஒட்டும்போது செங்கல் அறையின் பக்கம் சேர்ந்துகொள்கிறது: இரவில் சாளரம் வழியாக வரும் குளிர்ந்த காற்றில் ஆறிய சுவர், மறுநாள் பகல் முழுவதும் அடுப்பும் ஆட்களும் வெளிவிடும் சூட்டை ஏற்றுக்கொள்கிறது. கட்டி முடித்துக் குடியிருக்கும் வீட்டில் அறையின் அளவு குறையாமலும் மின்கம்பிகளைக் கழற்றாமலும் வேலையை முடிக்கலாம் என்பது வெளிக்காப்பின் கூடுதல் வசதி.

இந்த முறை பிறந்தது குளிர்நாட்டில். 1957இல் பெர்லினில் வீட்டுச் சுவரின் வெளிப்புறத்தில் தெர்மகோல் பலகை ஒட்டப்பட்டதையே இதன் தொடக்கமாகக் குறிப்பிடுவது வழக்கம். 1973இன் எண்ணெய் நெருக்கடி அதை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகரில் கட்டப்பட்ட, சூடேற்றும் தேவையை மிகக் குறைத்த முதல் பாசிவ் ஹவுஸ் வீடுகளில் வெளிக்காப்பு ஓரடியை நெருங்கும் கனம் கொண்டதாக இருந்தது. வேலையின் வரிசை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. பழைய பூச்சில் உப்பிய இடங்களைக் கொத்தி எடுத்துச் சுவரைச் சமப்படுத்தி, பலகைகளைச் செங்கல் அடுக்குவதைப் போலவே இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி பசைக்கலவையால் ஒட்டி, குடைபோன்ற தலையுள்ள பிளாஸ்டிக் ஆணிகளைச் சுவர்வரை இறக்கி, அதன்மேல் மெல்லிய கலவை பூசி, கலவை காயும் முன்பே கண்ணாடியிழை வலையை அதில் அழுத்திப் பதித்து, மேலும் ஓர் அடுக்குப் பூசி, இறுதியில் நிறப்பூச்சு அடிக்கிறார்கள். வலை இல்லையென்றால் பூச்சு ஓராண்டில் வெடித்துவிடும். சாளரத்தின் நான்கு மூலைகளிலும் குறுக்காகக் கூடுதல் வலைத்துண்டு வைக்கும் சிறுவேலையைத் தவறவிட்ட கட்டடங்களில் வெடிப்பு அந்த மூலையிலிருந்துதான் கிளம்புகிறது.

குளிர்நாட்டு வீட்டுக்கு இது ஒரு போர்வை: உள்ளே 20 டிகிரி, வெளியே சுழியத்தை ஒட்டிய குளிர் என்ற நிலையில், வெப்பம் மாதக்கணக்கில் இரவும் பகலும் ஒரே திசையில் வெளியேறிக்கொண்டிருக்கிறது, ஆகவே நான்கு சுவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வெப்பத்தை இழக்கின்றன, நான்கையும் போர்த்துவது நியாயம். காஞ்சிபுரத்தில் நிலைமை வேறு. ஏசி இல்லாத வீட்டில் மே மாதத்தில் வெளிக்காற்றின் ஒருநாள் சராசரிக்கும் அறைக்காற்றின் சராசரிக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. இங்கு வெப்பத்தைச் சுவருக்குள் தள்ளுவது காற்றைவிட அதிகமாக வெயில்தான். வெயில் நான்கு சுவர்களையும் ஒரேமாதிரி நடத்துவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கருதாமல் ஐரோப்பிய முறையை அப்படியே எடுத்துவந்து ஒட்டினால் செலவில் பெரும்பகுதி வீணாகும்.

காஞ்சிபுரம் வடக்கு அட்சரேகை 12.8 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் 19ஐ ஒட்டி மறுமுறையும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கிறது. இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதங்களில் சூரியன் உதிப்பதும் உச்சிக்கு வருவதும் மறைவதும் வடக்குப் பாதியிலேயே நிகழ்கின்றன. கத்திரி வெயில் கொளுத்தும் நாள்களில் தெற்குச் சுவரின்மீது நேரடி வெயில் ஒரு கணமும் விழுவதில்லை. தெற்குச் சுவர் வெயிலை வாங்குவது மார்கழி, தை மாதங்களில், அதுவும் சன்ஷேட் ஒன்றால் மறைத்துவிடக்கூடிய உயரத்திலிருந்து. வடக்குச் சுவருக்குக் கோடையில் கிடைப்பது சாய்ந்த, வலுவற்ற வெயில். கிழக்குச் சுவர் காலையில் சூடேறினாலும் இரவுக்குள் ஆற அதற்கு நேரமிருக்கிறது. ஏற்கெனவே 38 டிகிரிக்குக் காற்று சூடேறிவிட்ட பிற்பகலில், தாழ்ந்து வரும் சூரியனை நெஞ்சுக்கு நேராக வாங்குவது மேற்குச் சுவர் ஒன்றே. இவை அனைத்தையும்விட அதிகமாக, காலை முதல் மாலை வரை ஓய்வின்றி வெயில் வாங்குவது மொட்டைமாடித் தளம்.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதித் தெருக்களின் வீட்டமைப்பு இந்த வாதத்தை மேலும் வலுப்படுத்துகிறது. குறுகிய முகப்பும் நீண்ட உடலும் கொண்ட அவ்வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்பதால், நீளவாட்டுச் சுவர்கள் இரண்டும் அண்டை வீட்டுக்கும் பொதுவானவை. அவற்றுக்கு வெளிப்புறமே கிடையாது. தெருவைப் பார்த்த முகப்பும் கொல்லைப்புறச் சுவரும் மட்டுமே வானத்தைக் காண்கின்றன. முகப்பிலும் திண்ணைக்கு மேல் இறங்கும் தாழ்வாரம் சுவருக்கு நிழல் தந்துவிடுகிறது. நடுவில் வானத்துக்குத் திறந்த முற்றம் சூடான காற்றை மேலே அனுப்புகிறது. 2015இல் மத்திய அரசின் பாரம்பரிய நகரத் திட்டமான ஹிருதய்க்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 நகரங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. மரத்தூணும் திண்ணையும் உள்ள முகப்பைத் தெர்மகோலால் மூடுவது அந்தப் பாரம்பரியத்தை மறைப்பதாகும் என்பதோடு, மேற்கண்ட கணக்கின்படி அதனால் கிடைக்கும் பயனும் சொற்பம். ஆகவே இத்தகைய வீட்டுக்கு வெளிச்சுவர் என்று ஒன்று இருக்குமானால், அது தலைக்கு மேல் படுத்திருக்கும் தளமே.

பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் தளம் இதை அறிந்தே அமைக்கப்பட்டதுபோல இருக்கிறது. மரக்கட்டைகளின்மீது சிறிய தளச்செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக, குறுக்குவாட்டில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். இவ்வளவும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது அங்குலச் சுவரின் கனத்தை எட்டிவிடும். மரம் உளுத்து, வீடு இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் வந்தபோது யு-மதிப்பு 3.5ஐ ஒட்டி உயர்ந்தது. அலையின் தாமதமும் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. மே மாத நண்பகலில் பூசப்படாத கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுகிறது. மூன்று மணி நேரத்தில் அந்தச் சூடு விட்டத்தை அடைந்து, அங்கிருந்து வெப்பக்கதிராக, அதாவது காற்றின் உதவியின்றியே, கீழே இருப்பவரின் உடல்மேல் இறங்குகிறது. மின்விசிறியை எவ்வளவு வேகமாக வைத்தாலும் தலைக்கு மேலிருந்து வரும் அனல் குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட தறிக்கூடங்களில் தாமதம் என்ற அந்தச் சிறு சலுகையும் கிடையாது.

அந்த அனலுக்குக் கீழே குழித்தறியில் அமர்ந்திருப்பவரைப் போலவே பாவு நூலும் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது. பட்டு ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும் இழை. வணிகத்தில் பட்டுநூலின் உலர் எடையில் 11 விழுக்காடு ஈரம் இயல்பானதாகவே கணக்கிடப்படுகிறது. காற்று உலர்ந்தால் நூலும் உலர்ந்து விறைப்படைகிறது, அறுந்துபோவது கூடுகிறது. காற்றில் உள்ள நீரின் அளவு மாறாமல் இருக்கும்போதே, 30 டிகிரியில் 60 விழுக்காடாக இருக்கும் ஒப்பீரப்பதம் 38 டிகிரிக்குச் சூடேறியதும் 40 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. பாவு தரையை ஒட்டித் தாழ்வாக ஓடும் குழித்தறி அமைப்பு நிலத்தின் குளிர்ச்சிக்கும் ஈரத்துக்கும் அருகில் நூலை வைக்கிறது என்றாலும், சுட்ட விட்டம் அதற்கு எதிராக நாள் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கிறது. கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் பிணையுமிடத்தில் மூன்று நாடாக்களை இருவர் சேர்ந்து ஓட்டும்போது, ஓர் இழை அறுந்தால் இருவரின் வேலையும் நிற்கிறது. தறிக்கூடத்தின் தளத்துக்கு இடும் காப்பின் பயனை மின்கட்டணச் சீட்டில் மட்டும் தேடுவது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

தளத்துக்கு வழி எளிது. மிகக் குறைந்த செலவுள்ளது வெள்ளை நிறம். புதிதாக அடித்த சுண்ணாம்பு வெயிலில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பியனுப்பும். அழுக்கேறிய சிமென்ட் தளம் மூன்றில் ஒரு பங்குகூட அனுப்பாது. இதனால் மட்டும் மேற்பரப்பு 15 டிகிரிக்கு மேல் குளிர்கிறது என்பது கணக்கு. ஆனால் சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும், தூசியும் பாசியும் படிந்த வெள்ளை வெள்ளையாக இருக்காது. ஆகவே ஆண்டுதோறும் பங்குனிக்குள் மீண்டும் அடிப்பவருக்கே அது உதவும். நிலையான வழி, நீர்க்கசிவைச் சரிசெய்த தளத்தின்மீது அடர்த்தியான காப்புப் பலகையைப் பரப்பி, அதன்மேல் வழக்கமான சுருக்கித் தளம் போட்டு, வெள்ளை ஓடு பதிப்பது. கொத்தனார்கள் கூலிங் டைல்ஸ் என்று சொல்லும் வெள்ளை ஓட்டைப் பலகை இல்லாமல் பதித்தால் கிடைப்பது நிறத்தின் பயன் மட்டுமே. காப்பின் பயன் பலகையில் இருக்கிறது. 20 மில்லிமீட்டர் பலகையே கான்கிரீட் தளத்தின் யு-மதிப்பை 3.5லிருந்து 1.2 அளவுக்கு இறக்கிவிடுகிறது, 50 மில்லிமீட்டர் 0.6க்கும் கீழே கொண்டுசெல்கிறது. முதல் இரண்டு சென்டிமீட்டர் செய்த வேலையை அடுத்த மூன்று சென்டிமீட்டர் செய்வதில்லை என்பது விற்பவர் சொல்லாத செய்தி.

மேற்குச் சுவருக்கு வருவோம். தெருக்கோடி வீடு, அண்டை வீட்டைவிட உயர்ந்து நிற்கும் புதிய மாடி, இடிக்கப்பட்ட பக்கத்து மனையால் திறந்துவிடப்பட்ட பொதுச்சுவர் ஆகியவையே இந்நகரில் வெளிக்காப்பு உண்மையாகத் தேவைப்படும் இடங்கள். அங்கும் முதல் கேள்வி நிழல் கிடைக்குமா என்பதாகத்தான் இருக்க வேண்டும். சுவரிலிருந்து அரையடி தள்ளி நிற்கும் தட்டி, வலையில் ஏறும் கொடி, துளைகள் உள்ள சுட்டமண் திரை ஆகியவை வெயிலை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள, இடையில் சூடாகும் காற்று தானே மேலேறி வெளியேறுகிறது. நிழலுக்கு இடமில்லாதபோது காப்பு. தரைத்தளத்தில் அடித்தளம் தாங்குமானால், வெளியே நான்கு அங்குல ஏஏசி பிளாக் சுவர் ஒன்றை ஒட்டி எழுப்புவது யு-மதிப்பை 2லிருந்து 0.9க்குக் குறைக்கும், அது எரியாது, உள்ளூர்க் கொத்தனாருக்குப் பழகிய வேலை. மாடியில் அந்த எடையைத் தாங்க வழியில்லாதபோதுதான் பலகை ஒட்டும் முறை தேவையாகிறது.

பலகையில் எரியும் பலகை, எரியாத பலகை என்ற வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. தெர்மகோல் 100 டிகிரிக்குச் சற்று மேலேயே இளகத் தொடங்கி, உருகிச் சொட்டி எரியும். பாறையை உருக்கி இழையாக்கிய ராக்வுல் எரிவதில்லை. லண்டனில் 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் கோபுரத்துக்கு 2016இல் முடிந்த புதுப்பிப்பில், ஆற்றல் சிக்கனத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் வெளியே எரியக்கூடிய காப்புப் பலகையும், நடுவே பாலிஎத்திலீன் கொண்ட அலுமினியத் தகடும் பொருத்தப்பட்டன. 2017 ஜூன் 14 அன்று ஒரு வீட்டுச் சமையலறையில் பற்றிய தீ அந்த வெளித்தோல் வழியாகக் கோபுரம் முழுவதும் பரவி 72 பேரின் உயிரைப் பறித்தது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரையின் கீற்றில் பரவிய தீயில் 94 குழந்தைகளை இழந்த தமிழ்நாட்டுக்கு, கட்டடத்தின் மேல்போர்வையே எமனாகலாம் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டி நிற்கும் வீட்டு வரிசையில், உள்ளே பட்டும் மரத்தறியும் இருக்கும் தெருவில், ஒரு சுவரில் பற்றும் தீ அந்தச் சுவரோடு நிற்காது. இத்தெருக்களில் தெர்மகோலைச் சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டுவதைவிட, செலவு கூடினாலும் ராக்வுல்லையோ ஏஏசி பிளாக்கையோ நாடுவதே சரி. கான்கிரீட் தளத்தின்மேல் சுருக்கிக்கும் ஓட்டுக்கும் அடியில் புதைந்த பலகைக்கு இந்த அச்சம் மிகக் குறைவு.

அடுத்த பகை தண்ணீர். பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, அரசு வகுத்த இரண்டு திட்டங்களின்கீழ் வெளிச்சுவர்க் காப்புப் பெற்ற வீடுகளில் 98 விழுக்காட்டில், அதாவது 22,000க்கும் மேற்பட்ட வீடுகளில், திருத்தப்பட வேண்டிய பெருங்குறைகள் உள்ளதாக மதிப்பிட்டது; சரிசெய்யாவிட்டால் சுவரில் ஈரமும் பூஞ்சையும் பிடிக்கும் என்றும் அது எச்சரித்தது. இதில் பழி பொருளைவிடக் கைவேலையைச் சாரும்: சாளர விளிம்பில் அடைக்காத இடுக்கு, கூரை ஓரத்தில் நீட்டாமல் விட்ட மூடி, மழைநீர்க் குழாயைக் கழற்றாமல் சுற்றி ஒட்டிய பலகை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குக் காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழை காஞ்சிபுரத்தில் கிழக்கு, வடக்குச் சுவர்களையே பெரும்பாலும் தாக்குவதால், காப்பு மேற்கில் இருப்பது நல்வாய்ப்பு எனலாம். எனினும் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழஞ்சுவர்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. நிலத்திலிருந்து அவற்றில் ஏறும் ஓதம் சுவரின் பரப்பு முழுவதும் ஆவியாகி வெளியேற வேண்டும். நீராவி புகாத பலகையும் அக்ரிலிக் பூச்சும் அதை அடைத்தால் ஓதம் மேலும் உயரமாக ஏறும், உள்பூச்சு உப்பி உதிரும். ஆகவே ஓதத்தைச் சரிசெய்யாமல் காப்பிடக் கூடாது, தரையிலிருந்து ஓரடிக்குக் கீழே பலகையை இறக்கவும் கூடாது. அப்படி இறக்கினால் எறும்பும் கரையானும் பலகையைக் குடைந்து குடியேற அதுவே வாசலாகும்.

காப்பிட்ட வீடு தானாகக் குளிராது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வருவதைத் தடுக்கும் போர்த்தல், உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியே போவதையும் தடுக்கிறது. சமையலும் விளக்கும் மனிதரும் பகலில் சேர்த்த சூட்டை இரவுக் காற்றால் வெளியேற்றினால்தான் ஏசி இல்லாத வீட்டில் காப்பு பயன் தரும். முற்றத்தைக் கண்ணாடியிழை ஷீட்டால் மூடிவிட்டு, கொசுவுக்கு அஞ்சிச் சாளரத்தையும் சாத்திக்கொண்டு, சுவருக்குக் காப்பிட்டால் விடியற்காலையில் அறை முன்பைவிடப் புழுங்கும். கொசுவலை அடித்த சாளரம் காப்புப் பலகைக்கு முந்திய செலவாக இருக்க வேண்டும். ஏசி உள்ள அறையில் கணக்கு மாறுகிறது. காற்றிலுள்ள நீராவி எந்த வெப்பநிலையில் நீர்த்துளியாகப் படியத் தொடங்குமோ அது பனிநிலை. இப்பகுதியின் ஈரமான மாதங்களில் அது 24, 25 டிகிரியைத் தொடுவதால், அதே அளவுக்குக் குளிர்ந்த உட்சுவரை நோக்கி நீராவி வெளியிலிருந்து நகர்கிறது. அங்கே வெளிப்புறக் காப்பு நீராவியையும் சேர்த்து வெளியிலேயே நிறுத்துகிறது. உட்புறக் காப்போ பலகைக்குப் பின்னால் ஈரம் தேங்க வழிவிடுகிறது.

பணக்கணக்கு இந்த ஊரில் சற்று விசித்திரமானது. தமிழ்நாட்டில் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதங்களுக்கு 200 யூனிட்டாக இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. விசிறியும் விளக்கும் மட்டும் ஓடும் தறிக்கூடத்தில் அந்த எல்லை தாண்டப்படுவது அரிது. மிச்சப்படும் யூனிட்டுக்கு மதிப்பே இல்லாதபோது, இத்தனை ஆண்டுகளில் முதலீடு திரும்பிவிடும் என்ற வழக்கமான வாதம் அங்கே எடுபடாது. அங்குக் காப்பின் வரவு வேறு கணக்கில் எழுதப்பட வேண்டும்: பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை தறியில் உட்கார முடிகிறதா, நாளைக்கு எத்தனை முழம் இறங்குகிறது, இரவில் உறக்கம் வருகிறதா. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அறிவித்தபின், இதை அரசின் கணக்கிலும் சேர்ப்பதற்குத் தடையில்லை.

ஆனால் விதிகள் இன்னும் அங்கு வந்து சேரவில்லை. 2018 டிசம்பரில் மத்திய மின்சார அமைச்சகம் வெளியிட்ட குடியிருப்புக் கட்டடங்களுக்கான ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, தளத்தின் யு-மதிப்பு 1.2ஐத் தாண்டக் கூடாது என்றும், சுவர்களும் சாளரங்களும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் குளிர்ப்பகுதிகள் நீங்கலாகச் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்றும் கூறுகிறது. தளத்துக்குத் தனி எல்லை வகுத்திருப்பது, இந்நாட்டின் வெயில் எங்கே விழுகிறது என்பதை அறிந்து செய்த நல்ல முடிவு. எனினும் அது புதிய கட்டடங்களுக்கானது; அதிலும் 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்கு, அதாவது இரண்டு கிரவுண்டுக்கும் மேற்பட்ட நிலத்தில் எழும் கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தும். பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடுகளில் ஒன்றுகூட அந்த வரம்புக்குள் வர வாய்ப்பில்லை. ஏற்கெனவே நிற்கும் சிறு வீடுகளுக்கு, சுவருக்கு முன் தளம், காப்புக்கு முன் நிழல் என்ற வரிசையில் ஓர் உதவித் திட்டம் வகுக்கப்பட வேண்டும். தறிக்கும் நூலுக்கும் மானியம் தரும் கைத்தறித் துறை, தறிக்கு மேலிருக்கும் தளத்தையும் உற்பத்திக் கருவியாகக் கருதி அதைத் தொடங்கிவைக்கலாம்.